லீனா பெயருக்கு வந்த கடுதாசிகள்

— உங்க அப்பாவுக்கும் அம்மாவுக்குமா நோட்டீஸ்? பக்கத்து வீட்டு ஆடு உங்க செடிய மேஞ்சிருக்கும், அந்த ஆட்டுக்காரனுக்காக்கும்னுல்ல நான் நெனச்சேன்.

— ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே நோட்டீஸ் போதும்.

— மொதல்ல உக்காருங்க மாஸ்டர். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். அது எதிர்க்கட்சிக்காரங்களுக்கு. இப்படி வாங்க, காத்து வரும்.

— லாயர் எப்ப வருவார்?

— துவான் கோர்ட்டுல இருக்கார். ரெண்டு சீனத் தவுக்கே, பெரிய முதலாளிங்க, ஒத்தச் சுவருக்காக ஒம்பது வருஷமா வழக்காடுறாங்க. அந்தச் சுவரு இன்னைக்கு மறுபடி கூண்டேறுது. பன்னெண்டுக்கு முன்னால ஆள் திரும்பாது. அதுவரைக்கும் பெரிய கிராணி, குமாஸ்தா கமாலுதீன், நான்தான் இங்க லாயரு. கையெழுத்து மட்டும் அவருது. நீங்க எந்த ஸ்கூல்?

— மிஷன் ஸ்கூல். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. பேரு பால்ராஜ்.

— காலேஜு படிப்பு?

— திருச்சியில. பி.ஏ.

— அதான் பேச்சு தந்தி மாதிரி வருது. சரி மாஸ்டர், பெத்தவங்க என்ன பண்ணினாங்க? வீட்டு வாசல்ல வந்து சத்தம் போடுறாங்களா?

— அவங்க இங்க இல்ல. நாகப்பட்டணத்துக்குத் தெக்க ஒரு கிராமம். கடுதாசி போடுறாங்க.

— கடுதாசிதானா?

— நிக்கணும். அதுக்குச் சட்டத்துல என்ன வழி இருக்குன்னு சொல்லுங்க பாய்.

— கோவிக்கக் கூடாது. எங்க மாமியா வாரம் தவறாம பாலிக் புலாவ்லேர்ந்து பஸ் ஏறி வரும். வந்ததும் நேரா அடுப்படிக்குப் போயி, சட்டி மூடியத் தொறந்து, நான் அது மக சலேஹாவுக்கு நல்ல மீன் வாங்கிக் குடுக்குறேனான்னு பாக்கும். அப்பறம்தான் எனக்கு சலாம் சொல்லும். அதுக்கு மட்டும் சட்டம் இருந்தா மொத வழக்கு என்னோடது. நீங்க கடல்தாண்டி வர்ற காகிதத்துக்குப் பயப்படுறீங்க.

— பயம் இல்ல.

— பின்ன?

— வரக் கூடாது.

— சரி, சரி. வழி கேட்டீங்க, சொல்றேன். ஒண்ணு ரொம்ப லேசு. லாயரே வேணாம். தபால்ல வர்றத வாங்காம, உறை மேல 'வாங்க மறுத்தார்'னு எழுதித் திருப்பிக் குடுத்துடுங்க. அது அப்படியே கப்பலேறிப் போயிரும். நாலு தடவ திரும்பி வந்தா அவங்களே ஓஞ்சுருவாங்க.

— நான் மறுக்க முடியாதுன்னு தபாலாபீசுல சொல்லிட்டாங்க.

— ஏன் முடியாது? உங்க பேருக்கு வர்ற கடுதாசி.

— என் பேருக்கு வரல. என் சம்சாரம் பேருக்கு வருது. மிசஸ் லீனா பால்ராஜ், மேல்பார்த்து பால்ராஜ், மிஷன் ஸ்கூல், பினாங்கு.

— ஓ. மாமனார் மாமியார் மருமகளுக்கு எழுதுறாங்க. அப்ப வழக்கே வேற லா. பிராது குடுக்க வேண்டியது அவங்க, நீங்க இல்ல. அவங்கள ஒரு நாள் அழைச்சுட்டு வாங்க. பொம்பளைங்க வந்தா உக்கார உள்ள தனி ரூம் இருக்கு. ஒரு வாக்குமூலம், ஒரு கையெழுத்து. முடிஞ்சுது.

— அவ வரமாட்டா.

— கூச்சப்படுவாங்களா? நம்ம துவான் பொம்பளைங்கள நிமிந்துகூடப் பாக்கமாட்டார். நான் வேணும்னா வீட்டுக்கே வந்து…

— அவ இல்ல பாய்.

— ஊருக்குப் போயிருக்காங்களா?

— செத்துப் போயிட்டா. நாலு மாசம் ஆச்சு. விஷக்காய்ச்சல். ஒம்பது நாள்.

— இன்னாலில்லாஹி… மன்னிச்சுக்குங்க மாஸ்டர். நான் பாட்டுக்கு மீன் சட்டி அது இதுன்னு.

— பரவாயில்ல.

— காப்பி சொல்லட்டா?

— வேணாம். ரெண்டாவது வழி என்ன?

— இருங்க. கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன். புள்ளைங்க?

— இல்ல.

— அவங்களுக்கு வயசு?

— இருபத்துமூணு.

— ம்.

— ரெண்டாவது வழி.

— சொல்றேன், சொல்றேன். ஆனா ஒண்ணாவது வழி இன்னும் முடியல. 'வாங்க மறுத்தார்'னு எழுத முடியாதுதான். ஆனா 'காலமானார்'னு எழுதலாமே. ஒரே வார்த்த. கடுதாசியும் திரும்பிப் போகும், சேதியும் போயிரும். அப்பறம் எதுக்கு எழுதப் போறாங்க?

— அவங்களுக்குத் தெரியக் கூடாது.

— மருமக மவுத்தானது இன்னும் தெரியாதா அவங்களுக்கு?

— தெரியாது.

— ஏன் மாஸ்டர்?

— சந்தோஷப்படுவாங்க.

— அப்படிச் சொல்லாதீங்க.

— நெசத்தச் சொல்றேன். அந்தச் சந்தோஷத்த நான் என் கையால எழுதி அனுப்பமாட்டேன்.

— இப்ப எனக்கு மொதல்லேர்ந்து தெரியணும். துவானும் இதத்தான் கேப்பார். என்ன பகை?

— எங்கப்பா கிராமத்து மாதா கோயில்ல உபதேசியார். சாமியார் மாசத்துக்கு ஒருக்கதான் பூசைக்கு வருவார். மத்த நாள்ல செபம் சொல்றது, கணக்கு வைக்கிறது, ஓலை வாசிக்கிறது எல்லாம் உபதேசியார்தான்.

— ஓலைன்னா?

— எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல பேர் வாசிப்பாங்க. இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார், தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு. மாப்பிள்ள ஊர்லயும் வாசிக்கணும், பொண்ணு ஊர்லயும் வாசிக்கணும். நான் இங்க வேலைக்கு வந்த எடத்துல லீனாவப் பாத்தேன். இங்க கோயில்ல வாசிச்சாங்க. அங்க எங்கப்பா வாசிக்க வேண்டியது.

— அவர் வாசிக்கமாட்டேன்னுட்டார்.

— வாசிக்காம இருந்திருந்தாக்கூடச் சரி. தடை இருக்குன்னு எழுதி அனுப்பினார். நான் அங்க வேற ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்து, மோதிரம் மாத்தினவன்னு.

— மாத்தினீங்களா?

— இல்ல. பச்சப் பொய்.

— உபதேசியார் பொய் எழுதினாரு. பொண்ணு வீட்டுல என்ன கொற கண்டார்?

— லீனா அப்பா சூலியா தெருவுல செருப்பு தைக்கிறவர்.

— ஓ. வெளங்கிருச்சு. கப்பல்ல வரும்போது எல்லாத்தயும் கடல்ல போட்டுட்டு வந்தோம்னு நம்மாளுங்க பேசிக்குவாங்க. போட்டவன் ஒருத்தனையும் நான் பாக்கல. எங்கள்லயும் மரைக்காயரு, ராவுத்தருன்னு… அத விடுங்க. அப்பறம்?

— இங்க சாமியார் கல்யாணத்த நிறுத்திட்டார். விசாரணை. கடுதாசி அங்க போய் இங்க வந்து ஏழு மாசம். அந்த ஏழு மாசமும் தண்ணிக் குழாயடியில லீனாகிட்ட யாரும் பேசல. ஏற்கெனவே பொண்ணு பாத்தவனத் தட்டிப் பறிச்சவள்னு பேரு. அவங்க அப்பா பூசைக்குப் போறத விட்டுட்டார். செருப்பு தைக்கக்கூட ஆள் வரலன்னு சொல்வார்.

— கடைசியில?

— மோதிரம் மாத்தினதா எங்கப்பா சொன்ன பொண்ணே எழுதிக் குடுத்துச்சு, அப்படி ஒண்ணும் இல்லன்னு. அப்பறம் கல்யாணம் நடந்துச்சு. நடந்த மாசமே ஒரு கடுதாசி வந்துச்சு. லீனா பேருக்கு. எங்கப்பா கையெழுத்து.

— திட்டி?

— நாலு பக்கம்.

— அது கையில இருக்கா? அது இருந்தா போதும் மாஸ்டர், நான் இங்கேயே உக்காந்து…

— இல்ல. அவ படிச்சா. மடிச்சா. அடுப்புல போட்டா. போட்டுட்டு என்கிட்ட, சோறு வைக்கட்டுமான்னு கேட்டா. அவ்வளவுதான். அன்னைக்கு அவ சாப்பிடல.

— நீங்க படிச்சீங்களா?

— அவ அடுப்பாண்ட போறதுக்குள்ள ஒரு பக்கம் படிச்சேன். போதும்.

— அதுக்கப்பறம் வந்ததெல்லாம்?

— எட்டு மாசம் கழிச்சு ரெண்டாவது வந்துச்சு. அன்னையிலேர்ந்து நான் அவகிட்ட குடுக்கல.

— எப்படி? அவங்க பேருக்கு வந்தா தபால்காரரு வீட்டுலதானே குடுப்பார்?

— நாங்க இருக்கிறது கம்பத்துச் சந்து, குடிசைங்க நெருக்கம். தபால்காரர் உள்ள வரமாட்டார். அங்க எல்லாருக்கும் வேலை எடத்து விலாசம்தான். எங்களுக்கு ஸ்கூல். பியூன் தங்கராஜு என்கிட்ட குடுப்பான். நான் மேசையில வச்சுப் பூட்டிடுவேன். இன்னொரு தடவ அவ சாப்பிடாம இருக்கக் கூடாது. அதான்.

— எத்தன இருக்கு?

— பதினாலு. நேத்து ஒண்ணு வந்துச்சு. அதோட சேத்து.

— எல்லாம் இந்தக் கட்டுலயா? குடுங்க பாப்போம். மாஸ்டர், இது ஒண்ணுகூடப் பிரிக்கல.

— பிரிக்கல.

— ரெண்டு வருஷமா வந்தத ஒண்ணயும் பிரிச்சுப் பாக்கலயா?

— என்ன இருக்கும்னு தெரியும்.

— பின்ன எரிச்சிருக்கலாமே.

— அவ பேர் எழுதியிருக்கு.

— அவங்க மவுத்தானப்பறம் எத்தன வந்துச்சு?

— இந்த நாலு மாசத்துல மூணு வந்துச்சு. ஒவ்வொரு தடவயும் தங்கராஜு வாத்தியார்கள் ரூம் வாசல்ல நின்னு பேர் வாசிப்பான். மிசஸ் லீனா பால்ராஜ்னு. அவனுக்குத் தெரியும். ஆனா உறை மேல இருக்கிறத வாசிச்சுத்தான் குடுக்கணும்னு ஹெட்மாஸ்டர் விதி. வாசிச்சுட்டுத் தரையப் பாப்பான். எல்லாரும் தரையப் பாப்பாங்க. அந்தப் பேர எழுத அவங்களுக்கு உரிமை இல்ல பாய். அத நிறுத்தணும். இதுதான் என் கேஸ்.

— வெளங்குது. ஒண்ணு மட்டும் சொல்லட்டா? நாளைக்கு இது நின்னு போச்சுன்னா, அந்தப் பேர அந்த ஸ்கூல்ல யாரும் வாசிக்கவேமாட்டாங்க.

— ரெண்டாவது வழி.

— சரி. ரெண்டாவது மாஜிஸ்ட்ரேட்டு. ஒருத்தன் மிரட்டினா, அமைதியக் கெடுத்தா, முன்னால நிறுத்தி, 'இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன்'னு ஜாமீன் எழுதி வாங்கலாம். மீறினா உள்ள. நல்ல வழி. ஆனா ஆள் இந்த மண்ணுல இருக்கணும். நாகப்பட்டணத்துல இருக்கிறவர இங்க இருக்கிற மாத்தா மாத்தா, போலீசுக்காரன், போயிப் புடிச்சுட்டு வரமாட்டான்.

— அங்க உள்ள கோர்ட்டுல?

— முடியும். அங்க ஒரு வக்கீலப் புடிச்சு, கிரிமினல்ல பிராது. மானத்தப் பறிக்கிற மாதிரி எழுதினாங்கன்னு போடலாம். ஆனா ஊர் தேடிப்போயி கூண்டுல நின்னு, சம்சாரத்துக்கு என்ன ஆச்சுன்னு அவங்க முன்னாலதான் சொல்லணும். மறைக்க முடியாது.

— வேணாம். மூணாவது?

— மூணாவது லாயர் நோட்டீஸ். இங்கிலீஷ்ல, துவான் பேர் அச்சடிச்ச காகிதத்துல. 'எமது கட்சிக்காரர் உங்களுடன் எவ்விதத் தொடர்பும் விரும்பவில்லை, இனி எழுதினால் சட்டப்படி நடவடிக்கை'ன்னு. சட்டத்துல அதுக்குப் பல்லு ரொம்ப இல்ல. ஆனா கிராமத்துல ஒரு உபதேசியார் வீட்டுக்குப் பினாங்கு லாயர் நோட்டீஸ் ரிஜிஸ்தர் தபால்ல வந்து எறங்கினா, அப்பறம் அவர் பேனாவத் தொடமாட்டார்.

— அது போதும்.

— யார் பேருல?

— லீனா பேருல. அவ விரும்பலன்னு எழுதுங்க.

— மாஸ்டர், மவுத்தானவங்க லாயர் வைக்க முடியாது. துவான் லைசன்சு போயிரும்.

— என் பேருல?

— முடியும். சம்சாரம் சொத்து புருஷனுக்கு. கடுதாசியும் சொத்துதான். சட்டப்படி இந்தப் பதினாலும் இப்ப உங்களுது. இறந்தவங்க பேருன்னு சொல்லாம, 'எமது கட்சிக்காரரின் இல்லத்துக்கு'ன்னு நான் சுத்தி வளச்சு எழுதிடுவேன். ஆனா ஒரு சங்கதி இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம துவான் கையெழுத்துப் போடமாட்டார். போன வருஷம் ஒரு செட்டியார் கேஸ்ல, பிரிக்காத கடுதாசிக்கு நோட்டீஸ் விட்டுட்டோம். உள்ளாற பாத்தா கல்யாணப் பத்திரிக. அதுலேர்ந்து பிரிச்சுப் படிக்காம ஒண்ணும் கிடையாதுன்னுட்டார்.

— நான் பிரிக்கமாட்டேன்.

— நீங்க பிரிக்க வேணாம். நான் பிரிக்கிறேன். திட்டு வர்ற எடத்த மட்டும் இங்கிலீஷ்ல குறிச்சுக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் தெருவப் பாத்துட்டு இருங்க. காதப் பொத்திக்குங்க.

— படிங்க. ஒண்ணும் பொத்த வேணாம்.

— தேதிவாரியா வச்சிருக்கீங்க. கணக்கு வாத்தியாரு. இதுதான் பழசு… 'சேசு மரி சூசை துணை. லீனா அறியவும். உன் கடிதம் வந்தது.'

— என்ன வந்துச்சு?

— 'உன் கடிதம் வந்தது'ன்னு போட்டிருக்கு.

— அவ எழுதல.

— இருங்க, மேல படிக்கிறேன். 'உன் கடிதம் வந்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். இவள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நான் முன்பு எழுதியதற்கு நீ ஒரு சொல்லும் திருப்பி எழுதவில்லை. மழைக்காலத்தில் அவனுக்கு இருமல் வருகிறது, சிறுவயதில் என்ன கொடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறாய். எங்களை மாமா, அத்தை என்று எழுதாதே. அந்த முறை உனக்கும் எங்களுக்கும் இல்லை. இருமலுக்கு ஆடாதோடை இலை. இராயப்பன்.' இவ்வளவுதான்.

— என் இருமல் பத்தி அவங்களுக்கு யார் எழுதினா?

— நான் எப்படிச் சொல்றது மாஸ்டர்? உங்க சம்சாரம்தான்.

— அவ எப்ப போய்த் தபால்ல போட்டா?

— பாசாருக்குப் போற வழியில தபால்பெட்டி இல்லாமலா இருக்கும். பொம்பளைங்க நம்மகிட்ட கேட்டுட்டா எல்லாம் செய்யுறாங்க.

— என்கிட்ட சொல்லவே இல்ல.

— சொன்னா விட்டிருப்பீங்களா?

— இல்ல.

— அதான். பாருங்க, இதுல நான் குறிச்சுக்க ஒண்ணும் இல்ல. 'அந்த முறை இல்லை'ங்கிறது மரியாதைக் குறைவு, அவ்வளவுதான். அத வச்சு நோட்டீஸ் போனா ஊர்ல பாதி மாமனாருக்குப் போவணும். அடுத்ததப் பாக்கட்டா?

— பாருங்க.

— இது ரெண்டு வரி. மீன் பொடின்னு என்னமோ… இதுவும் சின்னது. இது கொஞ்சம் பெருசு. 'லீனாவுக்கு. இது உன் அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுவது. என் வார்த்தை இல்லை.' அத்தைன்னு வந்துருச்சு மாஸ்டர். நாலாவது கடுதாசியிலேயே கெழவர் எறங்கிட்டார்.

— படிங்க.

— 'அவன் வாயில்லாப் பிள்ளை என்று நீ எழுதியிருக்கிறாய். அதை நம்பாதே. எட்டு வயதில் சாமியார் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டவன். அன்று இவர் விட்ட அறையில்தான் வாய் அடைந்தது. தப்பு இவர் மேல். இதையும் எழுதுங்கள் என்று சொல்கிறேன், எழுதமாட்டேன் என்கிறார். எழுதிவிட்டார். பினாங்கில் எல்லாக் குழம்பிலும் தேங்காய்ப் பாலை ஊற்றுகிறீர்களாமே, அவனுக்கு அது ஆகாது. புளி கூடப் போடு. நீ கேட்ட இறால் தொக்குக்கு முதலில்…'

— எனக்குத் தேங்காப்பால் ஆகும்.

— இதுக்குத்தான் நோட்டீஸ் விடணும் போலருக்கு. சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. நெசமாவே கேட்டீங்களா சாமியார, எவ்வளவு நேரம்னு?

— கேட்டேன்.

— இறால் தொக்கு முழுசா ஒரு பக்கம் இருக்கு. படிக்கட்டா?

— வேணாம். அது இங்க வந்து சேந்தப்ப அவளுக்குத் தேவப்பட்டிருக்கும். இப்ப எதுக்கு? திட்டு இருக்கான்னு மட்டும் பாருங்க.

— இதுல இல்ல. இதுல இல்ல. இது… இருங்க. இது வேற மாதிரி இருக்கு மாஸ்டர்.

— என்ன?

— 'மகளே. இதை இவளிடம் சொல்லாமல் எழுதுகிறேன். சென்ற ஞாயிறு சாமியார் பூசைக்கு வந்திருந்தார். ஓலையில் தடை உண்டு என்று நான் எழுதியது பொய் என்று சபை முன்னால் முழந்தாளிட்டுச் சொன்னேன். உபதேசியார் வேலையை விட்டுவிட்டேன். இப்போது மணி அடிக்க மட்டும் வைத்திருக்கிறார்கள். அதுவே பெரிது. உன் தகப்பனாருக்கு அந்த ஏழு மாதம் என்ன ஆனது என்று நீ எழுதியிருந்ததை மூன்று நாள் படித்தேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்வாயா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இதை அவனிடம் சொல்லாதே. நம்பமாட்டான். உன்னிடம் சொல்லத் தோன்றியது.'

— தேதி என்ன?

— போன வருஷம், ஆவணி.

— ம்.

— ஊரே கூடி நிக்கிற எடத்துல, இத்தன வருஷமா எல்லாருக்கும் முன்னால நின்னு செபம் சொன்ன மனுஷன் முட்டி போட்டிருக்கார் மாஸ்டர்.

— அவர் முட்டி போட்டது ஒரு ஞாயித்துக்கிழம. அவ குழாயடியில தனியா நின்னது ஏழு மாசம்.

— நான் கணக்குக்கு வரல. வாத்தியார்கிட்ட கணக்குல ஜெயிக்க முடியாது. ஒரு கிராணியாச் சொல்றேன். இத எடுத்துட்டு நான் துவான்கிட்ட போனா, 'கமால், இந்த மனுஷனுக்கா நோட்டீஸ்'னு என்னையத்தான் கேப்பார். சூசா லா, கஷ்டம். இன்னும் நோட்டீஸ் வேணுமா?

— வேணும்.

— எதுக்கு?

— மன்னிப்பு அவகிட்ட கேட்டார். அவ படிக்கல. படிக்காமலே போயிட்டா. இனிமே இந்த வீட்டுல அதக் குடுக்கவும் ஆள் இல்ல, வாங்கவும் ஆள் இல்ல. இனி வர்ற ஒவ்வொரு கடுதாசியும் காலி வீட்டுக் கதவத் தட்டுற மாதிரி. எனக்கு அது கேக்கக் கூடாது.

— அவங்ககிட்ட உண்மையச் சொன்னா தட்டமாட்டாங்க தம்பி. சந்தோஷப்படுவாங்கன்னீங்க. இந்தக் கடுதாசி எழுதின ஆளு சந்தோஷப்படுவாரா? நீங்களே சொல்லுங்க.

— தெரியல.

— தெரியலங்கிறது முன்னால சொன்னதவிட மேல்.

— பாய், கடைசிக் கடுதாசிய மட்டும் பாருங்க. நேத்து வந்தது. அதுலயும் ஒண்ணும் இல்லன்னா நான் போறேன்.

— இதுதானே? முத்திர இன்னும் பச்சையா இருக்கு. பிரிக்கிறேன்… 'மகளே, நீ எழுதி ஐந்து மாதம் ஆகிறது. கப்பல் வரும் நாளெல்லாம் இவள் தபாலாபீசுக்கு நடக்கிறாள். நாங்கள் என்ன தவறு செய்தோம் என்று யோசித்துப் பார்த்தோம். செய்தது நிறைய, எதைச் சொல்வது.'

— ம்.

— 'உன் கடைசிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் நீ…' மாஸ்டர், துவான் வர்ற நேரமாச்சு. மிச்சத்த நான் அப்பறம் பாத்துக்கிறேன்.

— மணி பதினொண்ணுகூட ஆகல. படிங்க.

— வேண்டாம் தம்பி.

— திட்டா?

— திட்டு இல்ல. திட்டா இருந்தா நல்லா இருந்திருக்கும்.

— என் சொத்துன்னு நீங்கதான் சொன்னீங்க. படிங்க.

— 'அதில் நீ, இதுவரை எங்களிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். பதில் வராவிட்டாலும் எழுதுவேன், ஒரு நாள் உங்கள் மனம் மாறும் என்று. மகளே, நாங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டோம். நீ கொடுத்த பள்ளிக்கூட விலாசத்துக்கே போட்டோம். எங்கே போனது என்று தெரியவில்லை. தபாலில் ஏதோ கோளாறு. நாங்கள் கல்நெஞ்சுக்காரர் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பு தப்பு.' மாஸ்டர், கொஞ்சம் தண்ணி குடிங்க.

— இன்னும் இருக்கா?

— மூணு வரி. 'நாங்கள் எழுதுவது உனக்கு வேண்டாம் என்றால் ஒரே ஒரு வரி எழுதிப் போடு. அதன் பிறகு எழுதமாட்டோம். உனக்குத் தொந்தரவாக இருக்க எங்களுக்கு ஆசை இல்லை. இராயப்பன், மார்த்தா.'

— அம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்களா?

— கோணலா, கீழ, தனியா. இப்பத்தான் கத்துக்கிட்ட மாதிரி இருக்கு.

— அம்மாவுக்கு எழுதத் தெரியாது.

— இப்பத் தெரியுது.

— ம்.

— மாஸ்டர், நீங்க கேட்டு வந்த வழி இதுதான். லாயர் வேணாம், மாஜிஸ்ட்ரேட்டு வேணாம். ஒரு வரி எழுதினாப் போதும், நிறுத்திக்குவாங்க. காகிதம் இந்தா இருக்கு. 'வேண்டாம்'னு எழுதுறீங்களா, நடந்ததச் சொல்றீங்களா, அது உங்க இஷ்டம். நான் எழுதித் தர்றேன், நீங்க சொல்லச் சொல்ல. தம்பி, மொத வரி என்ன எழுதட்டும்?

— ஒவ்வொரு கப்பல் வந்தப்பவும் அவ என்கிட்ட கேட்டா பாய், ஏதாவது கடுதாசி வந்துச்சான்னு. திட்டு வந்துருமோன்னு பயந்துதான் கேக்குறான்னு நெனச்சு, ஒண்ணும் வரல, நிம்மதியாத் தூங்குன்னு சொன்னவன் நான்தான்.